ரூட் பீருக்கு ஜிஞ்சர் பக்கா, ஈஸ்ட் பாக்கெட்டா?

ரூட் பீர் என்பது வேர், பட்டைகளைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துப் பொங்கவைக்கும் அமெரிக்கச் சோடா. அந்த வேர், பட்டை எல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். வீட்டில் ரூட் பீர் போடுகிறவர்கள் மல்லுக்கு நிற்பது அதை எதைக் கொண்டு புளிக்கவைப்பது என்பதில்தான். ஒரு கட்சி ஜிஞ்சர் பக்: இஞ்சித் தோலில் தானாகவே இருக்கும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்து எடுப்பது. எதிர்க்கட்சி, பாக்கெட்டில் வரும் ஷாம்பெயின் ஈஸ்ட். நான் நியூஜெர்சியில் இருந்துகொண்டு இரண்டையும் போட்டுப் பார்த்து, ஈஸ்ட் பக்கம் வந்து சேர்ந்தவன். எனவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

'பாக்கெட் ஈஸ்ட் போட்டால் அது பாரம்பரியமா?' என்பது பக் கட்சியின் முதல் கேள்வி. தாராளமாகப் பாரம்பரியம்தான். பிலடெல்பியாவில் மருந்துக்கடை வைத்திருந்த சார்லஸ் ஹையர்ஸ் 1876-இல் அங்கே நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் தன் ரூட் பீரைப் பிரபலப்படுத்தினார். அவர் வீடுகளுக்கு விற்றது மூலிகைக் கலவையும் பிறகு அதன் சாறும்தான். சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் சேர்த்துப் பாட்டிலில் அடைத்தது வீட்டுக்காரர்கள். 1890களில் மதுவிலக்கு இயக்கத்துப் பெண்கள் இதைப் புறக்கணிக்கச் சொன்னதற்கும் அந்த ஈஸ்ட்தான் காரணம். பிறகு ஆய்வகச் சோதனையில், உள்ளே இருக்கும் ஆல்கஹால் அற்பம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். ஆக, பழமை என்ற துருப்புச் சீட்டு ஒரு கட்சியின் கையில் மட்டும் இல்லை.

கஷாயம் இரண்டுக்கும் ஒன்றேதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து ரூட் பீரின் உயிர் சாசஃப்ராஸ் என்ற வட அமெரிக்க மரத்தின் வேர்ப்பட்டை. அதிலுள்ள சாஃப்ரோல் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்து, அமெரிக்காவில் 1960-இல் உணவில் சேர்க்கத் தடை வந்தது. நான் அதைத் தொடுவதில்லை. சார்சபரில்லா வேர், பிர்ச் பட்டை, கொஞ்சம் அதிமதுரம், ஒரு அன்னாசிப்பூ போதும். நம் நன்னாரியும் இங்கே 'இந்திய சார்சபரில்லா' என்ற பெயரில் மூலிகைக் கடைகளில் கிடைக்கிறது. செடி வேறு, குடும்பம் வேறு. ஆனால் வனிலாவைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த வாசனை இதற்குக் கனகச்சிதம். எல்லாவற்றையும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு விண்டர்கிரீன் இலை. முன்னாலேயே போட்டால் வாசனை பறந்துவிடும். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் வாயிலேயே 'என்னப்பா, வலித் தைலம் மாதிரி இருக்கே' என்பார்கள். நாக்கு பொய் சொல்லவில்லை, இரண்டிலும் இருப்பது அதே மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த இலையைத் தவிர்க்கவும். ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஒன்றரை கப் சர்க்கரை, கால் கப் மொலாசஸ் (சர்க்கரை ஆலையின் கரும்பாகு).

ருசியில் வித்தியாசம் உண்டா? உண்டு. பக்கில் லாக்டிக் பாக்டீரியாவும் இருப்பதால் ஒரு மெல்லிய புளிப்பும், பின்னாலேயே இஞ்சிக் காரமும் வரும். குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் பாடுபட்டுக் கொதிக்கவைத்த வேர் வாசனைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஷாம்பெயின் ஈஸ்ட் தன் வாசனை எதையும் விடாமல் வாயுவை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டிலும் செய்யலாம், பேக்கரி வாடை வரும். பீர் காய்ச்சப் பயன்படும் ஏல் ஈஸ்ட் நல்லது என்கிறார்கள். நான் அதை அதிகம் புழங்கவில்லை, அதனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

இவை எல்லாம் ஓரளவு அவரவர் ரசனை. என்னை ஈஸ்ட் பக்கம் தள்ளியது பராமரிப்பு.

பக் தயாராகவே ஐந்து நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். இரண்டு கப் தண்ணீரில் துருவிய இஞ்சியும் சர்க்கரையும் போட்டுத் துணியால் மூடி வைத்து, தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கிளறிவிட வேண்டும். இஞ்சியும் தோலோடு இருக்க வேண்டும், ஆர்கானிக்காக இருந்தால் நல்லது. முளைக்காமலிருக்கப் பதப்படுத்தி வரும் இஞ்சியில் எதிர்பார்க்கும் உயிர்கள் செத்துப்போயிருக்கலாம். ஒரு வாரம் ஊட்டிவிட்டும் ஜாடி குட்டைத் தண்ணீர்போல் அசையாமல் கிடக்கும். இங்கே இட்லி மாவுக்கே ஓவன் விளக்கைப் போட்டு வைக்க வேண்டிய குளிர்காலத்தில் பக் எழும்ப இன்னும் நாளாகும். மாவு ஜாடியும் இஞ்சி ஜாடியும் ஒரே விளக்குக்குப் போட்டி போட்டால் எங்கள் வீட்டில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எழும்பிய பிறகும் வேலை முடியாது. ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் ஒரு முறை தீனி. ரூட் பீர் போட நினைத்தால் முன்கூட்டியே வெளியே எடுத்து, நுரை தள்ளும்வரை மறுபடி ஊட்டி, அந்தத் துடிப்பு இருக்கும்போதே கஷாயத்தையும் தயாராக வைத்திருக்க வேண்டும். லிட்டருக்குக் கால் கப் என்று வடிகட்டி ஊற்றினால், எடுத்த அளவுக்குத் திரும்பத் தண்ணீரும் இஞ்சியும் சர்க்கரையும். ஒரு மாதம் ஊருக்குப் போய் வருவதென்றால், பக்கத்து வீட்டில் விட்டுப்போக இது என்ன நாய்க்குட்டியா? வாராவாரம் சோடா போடும் வீட்டுக்கு இதெல்லாம் பழகிப்போகும். நினைத்தபோது ஒரு காலன் போடுகிற எனக்கு, குடிப்பதைவிட ஜாடியை வளர்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

ஈஸ்ட் பாக்கெட்டில் ஐந்து கிராம். ஒரு காலனுக்குக் கால் டீஸ்பூனில் பாதி போதும். கஷாயம் விரலுக்கு வெதுவெதுப்பாக ஆறியதும் தூவிக் கலக்கிப் பாட்டிலில் ஊற்றினால் வேலை முடிந்தது. மிச்சத்தைக் காற்றுப் புகாமல் மடித்து ஃபிரிட்ஜில் போட்டுவிடுகிறேன். பிரித்ததைச் சீக்கிரம் தீர்க்கச் சொல்லித்தான் உறையில் எழுதியிருக்கும். எனக்குச் சில மாதம் கழித்தும் வேலை செய்திருக்கிறது. ஆனால் அது என் ஃபிரிட்ஜின் கதை.

ஈஸ்ட்டின் குறையையும் சொல்ல வேண்டும். ஷாம்பெயின் ஈஸ்ட் என்று பரவலாகக் கிடைக்கும் ஈசி 1118 ரகம் 18 சதவீத ஆல்கஹால்வரை தாங்கும், 10 டிகிரி செல்சியஸிலும் வேலை செய்யும். பாட்டிலில் சர்க்கரை இருக்கிறவரை நிறுத்தாது. பக்கும் நிறுத்தாதுதான், ஆனால் இதன் வேகத்தில் ஏமாந்துவிடக் கூடாது. அதனால் கண்ணாடி பாட்டில் வேண்டாம். சோடா வந்த பழைய பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது. மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடி, தினம் இரண்டு தடவை பக்கவாட்டில் அமுக்கிப் பாருங்கள். கடையில் வாங்கிய சோடா பாட்டில்போல் விரலுக்கு அமுங்காமல் விறைத்துவிட்டால், அந்த நிமிஷமே ஃபிரிட்ஜ். வீட்டுச் சூட்டில் இதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள். சென்னை மே மாதத்தில் நான் போட்டதில்லை. அங்கே செய்கிறவர்கள் நாள் கணக்கை மறந்துவிட்டு விரலை மட்டும் நம்புவது நல்லது.

எதில் செய்தாலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. இப்படி விறைத்தவுடன் குளிரவைத்தால் சதவீதம் ஒன்றுக்குள்ளேயே நிற்கும், வெளியே விட்டால் ஏறும். அறவே கூடாது என்கிற வீட்டில் இந்த இரண்டு கட்சியும் வேண்டாம்; கஷாயத்தைக் கெட்டியாகக் காய்ச்சிச் சோடாவில் கலந்துகொள்ளுங்கள். புளிக்கவைத்ததை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடவும், முதல் பாட்டிலை சிங்க்கில் வைத்தே திறக்கவும். சார்சபரில்லாவில் நுரை தரும் சப்போனின் இருப்பதால் இது சாதாரண சோடாவைவிட அதிகமாகப் பொங்கும்.

இஞ்சி பீர் போடுவதாக இருந்தால் மட்டும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். அதற்குப் பக்தான் சரி.