தூத்துக்குடி மொட்டமாடில ஏழரை வருஷம் சோலார் – உப்புக்காத்து, வெள்ளம், பில் எல்லாம் பாத்த அனுபவம்

சோலார் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்லிச் சொல்லி தொண்ட வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க மக்களே.

எங்க வீட்ல 2018 மார்ச்ல போட்டது. 3.25 கிலோவாட், ஆன்கிரிட் (ஈபி லைனோட சேந்து ஓடுறது), 325 வாட் பாலி பேனல் பத்து, ஒரு ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் (வரிசையா கோத்த பேனல்ல இருந்து வர்ற டிசி கரண்ட வீட்டுக்கு வேண்டிய ஏசியா மாத்துற பொட்டி). மொத்தம் 1,95,000 ரூபா ஆச்சு, நான் மானியம் எதுவும் வாங்கல. மொத வருஷம் 4,610 யூனிட் வந்துச்சு, போன வருஷம் 4,340. ஏழு வருஷத்துல கொறஞ்சது 6 சதவீதம் கூட இல்ல. இத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் பேனலப் பத்தியே தான் கேக்குறாங்க, எந்த பிராண்டு, பாலியா மோனோவான்னு (பேனலுக்குள்ள கரண்ட் உண்டாக்குற சிலிக்கான் துண்டு தான் செல், அதுல இது ரெண்டு வகை). என் வீட்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவும் குடுக்காத ஒரே சாமான் பேனல் தான். அதச் சுத்தி இருக்குற கம்பி, ஸ்டாண்டு, கனெக்டர், இன்வெர்ட்டர், இதுல தான் பணமும் போச்சு நிம்மதியும் போச்சு.

மொத அடி ஸ்டாண்டுல. நம்ம ஊரு கடக்காத்து, உப்பளம் வேற பக்கத்துல, மூணாவது வருஷமே துரு. முழுக்க பிடிக்கல, எங்க கம்பிய அறுத்தாங்களோ எங்க ஓட்ட போட்டாங்களோ எங்க வெல்டு வச்சாங்களோ அங்க மட்டும். துத்தநாகப் பூச்சு அந்த இடத்துல போயிடும்ல, உப்பு அங்க தான் நொழையும். ஸ்டாண்ட அளவெடுத்து பட்டறைலயே அறுத்து ஓட்ட போட்டு, அப்புறம் துத்தநாகத்துல முக்கி எடுத்து கொண்டுவரச் சொல்லுங்க, மாடில வச்சு வெல்டு வைக்க விடாதீங்க. போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நான் இப்போ ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா சிங்க் பெயின்ட் அடிச்சு தான் ஓட்டிட்டு இருக்கேன்.

ரெண்டாவது கனெக்டர். 2020ல ஒரு நாள் மதியம் ஜெனரேஷன் ஜீரோ, மேல ஏறிப் பாத்தா ரெண்டு பேனலுக்கு நடுவுல இருக்குற கனெக்டர் உருகிப்போய் கருகி நிக்குது. ஆண் பக்கம் ஒரு கம்பெனி பெண் பக்கம் வேற கம்பெனி, மாட்டுனா மாட்டிக்கும் ஆனா உள்ள சரியா ஒட்டாது, சூடாகிச் சூடாகி ஒரு நாள் உருகிடும். இதுல தீயே பிடிக்கலாம். ஒரே கம்பெனி ஜோடி தான் போடணும்னு எழுதியே வாங்கிக்கோங்க.

வெயில் ஊரு, மே மாசம் அள்ளிக் கொட்டும்னு நெனச்சேன், அதுவும் தப்பு. பேனல் மேல போட்டிருக்குற வாட் கணக்கு செல் 25 டிகிரில இருக்கும்போது உள்ளது. மே மத்தியானம் அது 65 டிகிரி வரைக்கும் போகும், பாலில ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் மாதிரி கொறையும், அப்போ 16 சதவீதம் சூட்டுலயே போயிடுது. எனக்கு உச்சம் எப்பவுமே மார்ச்ல தான் வரும். அதனால ஸ்டாண்ட தரையோட ஒட்டிப் போடாம காத்து அடில போற மாதிரி ஒசத்திப் போடுங்க.

நிழல் வெசயமும் அப்படித்தான். பக்கத்து வீட்டு முருங்க நாலு வருஷத்துல வளந்து சாயங்காலம் ஒரே ஒரு பேனல் ஓரத்துல நிழல் விழுந்துச்சு, அந்த பேனல்ல மூணுல ஒரு பங்கு கட். பேனலுக்குள்ள செல்லெல்லாம் வரிசையா சங்கிலி மாதிரி இருக்கும், ஒண்ணு படுத்தா அந்த வரிசைய பைபாஸ் டயோடு ஒதுக்கி விட்டுரும். காக்கா எச்சமும் இதே வேலய பண்ணும். தொடைக்கிறது காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, தாமிரபரணி குழாய்த்தண்ணில. போர்த்தண்ணில தொடச்சா வெள்ளக் கறை படிஞ்சு அப்புறம் போகவே போகாது. கமுதில 2016ல வந்த 648 மெகாவாட் பிளான்ட்ல 25 லட்சம் பேனலாம், அத தொடைக்க ரோபோவே வச்சிருக்காங்கன்னா அழுக்கு எவ்ளோ தின்னும்னு யோசிச்சுக்கோங்க.

இப்போ வெள்ளத்துக்கு வாரேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பக்கம் பெஞ்ச மழ. எங்க தெருவுல நாலு அடி தண்ணி. இன்வெர்ட்டர் எங்க இருந்துச்சு? போர்டிகோ செவுத்துல, மூணு அடி ஒசரத்துல, மீட்டர் பக்கத்துல, வயர் மிச்சம்னு அங்க மாட்டுனாங்க. ஐபி 65 (தூசி, தண்ணிய எவ்ளோ தாங்கும்ங்கற அளவு) தானே தண்ணி போகாதுன்னு நெனச்சிருந்தேன், அது மழச் சாரலுக்கு பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கு, முங்கிக் கெடக்குறதுக்கு இல்ல. முங்கிருச்சு. வாரண்டில தண்ணி சேதம் கெடையாதுன்னு கைய விரிச்சுட்டாங்க.

அத விட முக்கியமா ஒண்ணு, தயவுசெஞ்சு இத மட்டும் வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. ஈபி கரண்ட் கட் ஆனாலும் மெயின் ஸ்விட்ச ஆப் பண்ணாலும் வெளிச்சம் இருக்குற வரைக்கும் பேனல்ல இருந்து வர்ற டிசி வயர்ல கரண்ட் இருந்துட்டே தான் இருக்கும். என் பத்து பேனலும் வரிசையா சேந்தா 400 வோல்ட்டுக்கு மேல. அந்தத் தண்ணிக்குள்ள என் பையன் இன்வெர்ட்டர தொடைக்கப் போயிட்டான், நான் பாத்து கத்தி நிறுத்துனேன், இன்னிக்கு நெனச்சாலும் ஒடம்பு நடுங்குது. டிசி ஐசொலேட்டர் (பேனல் லைன துண்டிக்கிற ஸ்விட்ச்) மாடிலயே ஒண்ணு இருக்கணும், கீழ மட்டும் இருந்தா பத்தாது.

கரண்ட் வர நாளாச்சு. எதுத்த வீட்டு ஆச்சி கேட்டாங்க, "ஏல தம்பி, மாடி பூரா கண்ணாடியா வச்சிருக்கியே, ஒரு போனு சார்ஜ் போட முடியாதா, மவன் துபாய்ல கெடந்து தவிப்பான்". இல்ல ஆச்சின்னு சொல்ல அவ்ளோ கஷ்டமா இருந்துச்சு. இன்வெர்ட்டர் நல்லா இருந்திருந்தாலும் முடியாது, ஆன்கிரிட் லைன்ல கரண்ட் இல்லன்னா தானா நின்னுடும், இல்லன்னா கம்பத்துல வேல பாக்குற லைன்மேன் உசுருக்கு ஆபத்து. நியாயமான ஏற்பாடு தான், ஆனா வாங்கும்போது யாரும் இத நமக்குப் புரியிற மாதிரி சொல்றதில்ல.

அதனால ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (ஈபி கரண்ட் போனாலும் பேட்டரியோட சேந்து ஓடுறது) 5 யூனிட் கொள்ற லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியும் போட்டேன், சேத்து 1,70,000. பணமா மட்டும் பாத்தா பேட்டரி கட்டுபடி ஆகாது, ஏன்னா நெட் மீட்டர் இருந்தா பகல்ல நாம அனுப்புற யூனிட்ட பில்லுல கழிச்சுக்குவாங்க, ஈபி லைனே நமக்கு பேட்டரி மாதிரி. கரண்ட் அவ்வளவா போகாத ஊர்ல இருக்குறவங்க வெறும் ஆன்கிரிட் போட்டா போதும்னு தான் சொல்லுவேன். எனக்கு அந்த நாலு நாள் மறக்க முடியல, அதனால போட்டேன்.

பாளையங்கோட்டைல எங்க அக்கா 2024ல மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் குடுக்குற பிஎம் சூர்ய கர் திட்டத்துல போட்டாங்க, 540 வாட் மோனோ பெர்க் (மோனோவுல ஒரு வகை) ஆறு பேனல். எனக்கு பத்து பேனல் 210 சதுர அடி பிடிக்குது, அக்காவுக்கு அதே அளவு கரண்டுக்கு 165 சதுர அடி தான். யூனிட் கணக்குல பெரிய வித்தியாசம் இல்ல, எடம் தான் மிச்சம். செல்ல பாதியா வெட்டி பேனல ரெண்டு பாதியா இணைச்ச ஹாஃப் கட் வகைங்கறதால பாதில நிழல் விழுந்தாலும் மறு பாதி ஓடுது, அது நல்லா இருக்கு. பாலி இப்போ புதுசா யாரும் போடுறதில்ல. மோனோவுலயே டாப்கான்னு ஒரு புது வகை வந்துருக்கு, சூட்டுல இன்னும் கொஞ்சம் கம்மியா கொறையும், வெல ஒத்து வந்தா அதையே எடுங்க. தின் ஃபிலிம்னு ஒண்ணு, கண்ணாடி மேல மெலிசா பூசுன வகை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்துலயே தயாராகுது, ஆனா அது பெரிய பிளான்ட்டுகளுக்குப் போற சரக்கு. தண்ணி சுட வைக்கிற சோலார் ஹீட்டர் வேற கத, அதுல கரண்ட் வராது, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

அக்காவுக்கு மொத்தம் 2,05,000, அதுல 78,000 மானியம் பேங்க்ல வந்துருச்சு. அந்த மானியம் வேணும்னா பேனல் மட்டும் இல்ல, உள்ள இருக்குற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். கடைல 'இந்தியா மேக்' னு சொல்ற நெறைய பேனல்ல செல் வெளிய இருந்து வந்து இங்க ஒட்டுனது தான். உலகத்துல இந்தத் தொழில்ல ஒவ்வொரு கட்டத்துலயும் 80 சதவீதத்துக்கு மேல சீனா கைல இருக்கு, அதனால அவங்க செல் சல்லிசு. 2022 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டு பேனலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீதம் சுங்க வரி போட்டாங்க, அப்பவும் நம்மூர் செல் போட்ட பேனல் வெல கூடத்தான் இருக்கு. அந்த வித்தியாசத்துல மானியத்துல ஒரு பங்கு போயிடுது. ஆனாலும் நான் அதையே வாங்கச் சொல்றேன், நம்ம திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான்லயே செல் செய்யிற ஃபேக்டரி வந்து நம்ம பக்கத்துப் பிள்ளைங்க வேல பாக்குறாங்க, அது நெலைக்கணும்ல. கொட்டேஷன் வாங்கும்போது டிசிஆர் பேனலா (செல்லும் இந்தியாவுல செஞ்சது) இல்லையான்னு கேட்டு சீரியல் நம்பரோட பில்லுல எழுதச் சொல்லுங்க.

ரெண்டு மாச பில் 500 யூனிட்ட தாண்டுற வீடா இருந்தா தைரியமா போடலாம், ஏன்னா அதுக்கு மேல ரேட்டு ஏறிடும், அந்த மேல் யூனிட் தான் மொதல்ல கொறையும். 200 யூனிட் தான் ஓடுதுன்னா அவசரப்படாதீங்க, 100 யூனிட் இலவசம் போக மிச்சத்துக்கு இவ்ளோ முதல் போட்டு எடுக்க ரொம்ப வருஷம் ஆகும்.

போன மாசம் மழ தொடங்குறதுக்கு முன்னாடி அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கயும் இன்வெர்ட்டர் கீழ கேட் பக்கத்துல, மூணு அடில. "அக்கா, இத இப்பவே ஏத்திருவோம்"னு ஆள் கூட்டிட்டு வந்து மாடிப்படி திருப்பத்துல ஏழு அடிக்கு மேல மாட்டி, மாடில ஒரு ஐசொலேட்டரும் வச்சாச்சு. வயர் கூலி எல்லாம் சேத்து 3,800 ரூபா.