மூன்றாவது கை எங்கே? விளம்பரம் தாண்ட ரிமோட்டா, காம்ஸ்கிப்பா

எங்கள் வீட்டில் எட்டரை மணி சீரியல் மறுநாள் காலையில்தான் ஓடும். சென்னிமலையில் தறி வைத்திருக்கிற வீடு. அமுச்சி, அதாவது பாட்டி, தறிக்கு வேண்டிய நூல் தார் சுற்றிக்கொண்டே பார்ப்பார். ஒரு கை ராட்டையில், ஒரு கை நூலில். விளம்பரத்தைத் தாண்ட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

முதலில் செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் சொருகிப் பதிவு செய்தோம். செலவு கம்மி, யாருக்கும் வரும். ஆனால் அந்தப் பதிவு பெரும்பாலும் அதே பாக்ஸில்தான் ஓடும், கம்ப்யூட்டரில் திறக்காது. தாண்டுவதும் ரிமோட் வேலைதான். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதி இருக்கிறது. அந்தக் கணக்கில் அரை மணிக்கு 6 நிமிடம். 30 விநாடி தாவும் பட்டன் இருந்தால்கூட 12 அமுக்கு. ஒன்று கூடினால் கதை போயிடும், திரும்ப ரிவர்ஸ்.

அடுத்தது காம்ஸ்கிப். இலவச மென்பொருள். பாக்ஸின் ஏவி வயரை, டிவி படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கேப்சர் குச்சி வழியாகக் கொடுத்துப் பதிவு செய்தால், அந்த ஃபைலை ராத்திரியே அலசிவிடும். நடுவில் வரும் கறுப்புத் திரை, சத்தம் அடங்கும் இடம், மூலையில் சேனல் சின்னம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, விளம்பரம் எந்த விநாடியில் தொடங்கி எதில் முடிகிறது என ஒரு சின்ன இடிஎல் ஃபைலில் எழுதி வைக்கும். வீடியோ ஓட்டும் 'கோடி' பிளேயர் அதைப் படித்துத் தானே தாவும். பேர்தான் கோடி, காசு ஒரு பைசா கேட்காது.

சிக்கல் சின்னத்தில்தான். விளம்பரத்திலும் சின்னத்தை எடுக்காத சேனல் என்றால் அந்த அடையாளம் உதவாது. கறுப்புத் திரையையும் சத்தத்தையும் நம்பி அமைப்பை மாற்ற வேண்டும். நான் மாற்றினேன், அதுவும் தப்பாக. ஒரு நாள் ஆஸ்பத்திரிக் காட்சியில் திரை இருண்டு அமைதியானதும், அந்த நாலு நிமிடம் முழுக்கக் காணோம். "அந்தப் புள்ள பொழைச்சுதா இல்லியா கண்ணு?" என்று அமுச்சி மத்தியானம் வரை கேட்டார்.

அதற்கும் வழி இருக்கிறது. இடிஎல் வரியின் கடைசி எண் 0 என்றால், கோடியைப் பொறுத்தவரை அந்தப் பகுதியே இல்லை, திரும்பிப் போனாலும் வராது. 3 என்றால் விளம்பரம் என்ற குறி மட்டும்; ஒரு முறை தாவும், ரிவர்ஸ் போட்டால் ஓடும். 3 போடுங்க. ஃபைலையே வெட்டிச் சேமிக்கும் ஆசை வேண்டாம்.

அமெரிக்காவில் டிவி பதிவுப் பெட்டி விற்கும் டிவோ, விளம்பரம் தாண்ட 2015இல் கொண்டுவந்த ஸ்கிப்மோடு வசதிக்கு இடங்களைக் குறித்துக் கொடுத்தது ஆட்கள்தான். அது துல்லியம், நம் சீரியலுக்கு யார் உட்கார்ந்து குறிப்பார்கள்? சீரியல் ஓடும்போதே கீழே பட்டையாக ஏறும் விளம்பரத்தை எதுவும் எடுக்காது, விடுங்க.

ஆக, கை சும்மா இருக்கிறவருக்கு ரிமோட்டே போதும். தார் சுற்றுகிற வீட்டுக்குக் காம்ஸ்கிப். ஆடி மாசம் தவிர. "துணிக்கடைத் தள்ளுபடியெல்லாம் எதுக்குக் கண்ணு தாண்ட வெக்கறே?" என்றார் அமுச்சி. ஆடி முடியும் வரை பதிவு அப்படியே ஓடுகிறது.