"கட்டி கரைக்கிறோம்"னு பேக்கேஜ் விக்கிற கிளினிக், உஷாரா இருங்க

உடம்புல சின்னச் சின்னதா மெத்துமெத்துன்னு கட்டி நிறைய இருக்கவங்க இதை முழுசா படிச்சிடுங்க. மதுரைல ஒரு ஸ்கின் கிளினிக் எங்க அக்காவை நல்லா ஏமாத்திருக்கு.

அக்காவுக்கு வயசுக்கு வந்ததுலேர்ந்தே முதுகுல வயித்துல கட்டி, மாசமா இருந்தப்ப இன்னும் நிறைய வந்துச்சு. அந்த கிளினிக்ல மேலோட்டமா பாத்துட்டு கொழுப்புக் கட்டிதான், ரத்தத்துல இருக்க கழிவை எடுத்துட்டா கரைஞ்சிடும், திரும்ப வரவே வராதுன்னு கேரண்டி சொல்லி 50 ஆயிரத்துக்கு மேல வாங்கிட்டாங்க. எண்ணெய், கேப்சூல், அப்புறம் கட்டிக்குள்ளயே ஊசி. ஒண்ணு கூட கரையல, ஊசி போட்ட இடமெல்லாம் புண்ணாகி தழும்பு. கேட்டா நீங்க பத்தியம் சரியா இருக்கலைன்னு அக்கா மேலயே பழி. பில்லும் கிடையாது, துண்டுச்சீட்டுதான்.

அப்புறம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி தோல் ஓபில காட்டினோம். டாக்டரம்மா விரலால அமுக்கினதும் கட்டி அப்படியே உள்ள போச்சு. உடனே அக்குள்ல இருந்த பொடிப்பொடி புள்ளி, முதுகுல பொறந்ததுலேர்ந்து இருக்க காப்பி கலர் திட்டு எல்லாம் பாத்தாங்க, ஒரு கட்டியை எடுத்து பயாப்சிக்கும் அனுப்பினாங்க. நியூரோஃபைப்ரோமா, நரம்பைச் சுத்தி இருக்க திசுல வளர்ற கட்டி. நோய் பேரு நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1, ஏறத்தாழ 3000 பேர்ல ஒருத்தருக்கு இருக்காம். 17-வது குரோமோசோம்ல ஒரு ஜீன்ல வர்ற கோளாறு, இதை எந்த எண்ணெய் போய் கரைக்கும்? தோல்ல இருக்க இந்த சின்னக் கட்டிங்க கேன்சரா மாறாது, யாருக்கும் தொத்தாது. உறுத்துறதை ஆபரேஷன்லயோ லேசர்லயோ எடுக்கலாம், ஆனா புதுசா வராதுன்னு யாருமே கேரண்டி தர முடியாது.

எனக்கு ஆத்திரமே இதுலதான். இது புள்ளைங்களுக்கு வர 50 சதவீதம் வாய்ப்பு இருக்கு, சின்ன வயசுலயே கண் நரம்புல கட்டி வரலாம், அதனால வருஷா வருஷம் கண் பாக்கணும், பெரியவங்களுக்கு பிபி பாக்கணும். அக்கா ஒவ்வொரு தடவையும் பாப்பாவை இடுப்புல வச்சுகிட்டுதான் அந்த கிளினிக்குக்கு போனா, பாப்பா கால்லயும் அதே காப்பி கலர் திட்டு இருக்கு, அதைப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல, அக்காவுக்கு பிபி கூட பாக்கல.

இந்த மாதிரி கட்டி இருந்தா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஏதாவது ஒரு கட்டி திடீர்னு வேகமா பெருசானாலோ, ஆழத்துல கெட்டியா இருந்தாலோ, ராத்திரி தூங்க விடாம வலிச்சாலோ தள்ளிப்போடாம பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.