பொது மாறுதல் கலந்தாய்வு: ஒரு தலைமையாசிரியரின் மதிப்பீடு

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை எமிஸ் (EMIS) என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளம் வழியே நடத்தும் ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வை, விண்ணப்பிக்கும் ஆசிரியரின் பக்கம் நின்று பார்த்தால் பாராட்டத்தான் வேண்டும். காலிப்பணியிடப் பட்டியல் முன்னதாகவே வெளியாகிறது. பார்வைத் திறன் குறைந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கான முன்னுரிமையும் பணிமூப்பும் எல்லோரும் அறிய வைக்கப்படுகின்றன. தமக்கு முன்னால் இருப்பவர் எந்த ஊரை எடுத்தார் என்பதைக் காத்திருப்பவரும் அறிந்துகொள்ள முடிகிறது. சிபாரிசுக் கடிதத்துடன் சென்னைக்கு அலைந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். கலந்தாய்வுக்கு வெளியே அதிகாரிகளின் ஆணையால் நடக்கும் நிர்வாக மாறுதல் என்னும் பின்வாசல் மட்டும் இன்னும் முழுதாக அடைபடவில்லை.

ஆசிரியர் விட்டுச்செல்லும் பள்ளியின் பக்கம் நின்றால் கணக்கு மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை போன்ற வட மாவட்டங்களில் முதல் நியமனம் பெறும் தென் மாவட்டத்துக்காரர்கள், வாய்ப்பு வந்ததும் சொந்த ஊருக்குத் திரும்ப விரும்புவது இயல்பு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர் எழுந்துபோன நாற்காலி அடுத்த நியமனம் வரை காலியாகவே கிடக்கும். ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்யும் பணியாளர் நிர்ணயமும், அதையொட்டிய பணிநிரவலும் உபரி ஆசிரியரை நகர்த்துமே தவிர, இல்லாத ஆசிரியரை உருவாக்கா. 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அறிவித்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் சொன்ன மாத ஊதியம் 7,500 ரூபாய். அந்தத் தொகைக்கு மலையடிவாரத்தில் வீடெடுத்துத் தங்க யார் வருவார்?

வந்தவரைத் தக்கவைப்பது கலந்தாய்வின் வேலையன்று, தலைமையாசிரியரின் வேலை. பல பள்ளிகளில் புதிதாக வந்த இளைஞரின் தலையிலேயே எமிஸ் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, விடுப்பில் இருப்போரின் பாடவேளைகள் ஆகிய மூன்றும் விழுகின்றன. காலை முதல் பாடவேளையில் வகுப்பை விட்டுவிட்டுக் கைபேசியில் வருகைப் பதிவோடு அவர் போராடுகிறார். இந்தச் சுமையைப் பணிமூப்பு பாராமல் சுழற்சியில் பகிர்ந்து, அந்தப் பட்டியலை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைத்தால், அடுத்த மே மாதம் மாறுதலுக்கு விண்ணப்பிக்கும் முன் அவர் ஒருமுறை யோசிப்பார்.

விண்ணப்பதாரருக்கான சேவை என்ற அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். பள்ளிக்கான சேவையாக இரண்டுக்கு மேல் தர இயலவில்லை. பதிலி ஆசிரியர் வந்து சேர்ந்த பிறகே விடுவிப்பு என்ற நிபந்தனையைச் சிறிய பள்ளிகள் அனைத்துக்கும், எந்தப் பாடமாயினும், கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் இரண்டாவது மதிப்பெண்ணைத் தயங்காமல் உயர்த்துவேன்.