கடனில் விழுந்த இசைவிழா: விற்பதா, கூட்டுச் சேர்வதா, அறக்கட்டளை ஆக்குவதா, ஓராண்டு நிறுத்துவதா?

மூன்று நாள் நடக்கும் திறந்தவெளி இசைவிழாவுக்குப் பன்னிரண்டு மாதமும் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். முக்கியக் கலைஞரிடம் ஒப்பந்தம் போடும்போதே அவர் சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கட்டுவது வழக்கம். மீதி, அவர் மேடையேறும் முன் போய்ச் சேர வேண்டும். மேடை, ஒலி, ஜெனரேட்டர், வேலி, கழிப்பறை என்று ஒவ்வொருவரும் முன்பணம் வாங்காமல் லாரியை நகர்த்த மாட்டார்கள். டிக்கெட் விற்ற பணமோ பெரும்பாலும் விற்பனை நிறுவனத்திடம் கிடக்கும். விழா முடிந்த பிறகுதான் கைக்கு வரும், அல்லது முன்கூட்டியே கடனாக வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40,000 பேர் கொள்ளும் மைதானம், டிக்கெட் 10,000 ரூபாய். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு 30 கோடி. வரும் ஒவ்வொருவருக்கும் தண்ணீர், துப்புரவு, பாதுகாப்பு என்று மேற்கொண்டு 1,500 ரூபாய். ஸ்பான்சர் பணத்தையும் கடை வாடகையையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். 35,300 டிக்கெட் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அத்தனையும் விற்றால் லாபம் 4 கோடி. 30,000 மட்டும் விற்றால் நஷ்டம் நாலரைக் கோடி. முக்கால் மைதானம் நிரம்பிய ஒரே ஆண்டு, முழு மைதானம் நிரம்பிய ஓராண்டின் லாபத்தைத் தின்றுவிட்டு மேலும் கடன் வைத்துவிடுகிறது. இரண்டு மழை ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் முதலுக்கே மோசம்.

அந்த நிலையில் அமைப்பாளர் முன்னால் இருக்கும் பெரிய வழிகள் நான்கு. நான்கையும் அவற்றைச் செய்து பார்த்த விழாக்களை வைத்தே எடைபோடலாம்.

விற்றுவிடுவது

கடன் ஒரே கையெழுத்தில் தீரும். நிறுவனருக்கு நிம்மதி கிடைக்கும். வாங்குபவரிடம் பல விழாக்கள் இருந்தால் ஒரே கலைஞரை ஐந்து ஊருக்குச் சேர்த்துப் பேசி விலையைக் குறைக்கலாம். காகிதத்தில் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் விழாக்களைப் பார்க்க வேண்டும். 1954-இல் ஜாஸ் விழாவையும் 1959-இல் நாட்டார் இசைவிழாவையும் தொடங்கிய ஜார்ஜ் வீன், 2007-இல் தன் நிறுவனத்தை ஃபெஸ்டிவல் நெட்வொர்க் என்ற புதிய நிறுவனத்துக்கு விற்றார். வாங்கியவர்கள் வேகமாகக் கிளை பரப்பினார்கள். 2008 விழா முடிந்த கையோடு பணம் வற்றிவிட்டது. விழா நடக்கும் ஃபோர்ட் ஆடம்ஸ் பூங்காவுக்கான பாக்கி நின்றுபோக, மாநில அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கால் நூற்றாண்டு ஸ்பான்சராக இருந்து பெயர் கொடுத்துத் தாங்கிய ஜே.வி.சி. மின்னணு நிறுவனமும் அதே வேளையில் விலகியது.

எண்பது வயதைத் தாண்டிவிட்ட வீன் 2009-இல் மறுபடி பொறுப்பை ஏற்றார். ஆனால் தான் பெற்று வளர்த்த விழாவின் பெயரை அவரால் பயன்படுத்த முடியவில்லை. பெயர் விற்பனையோடு போய்விட்டது. அந்த ஆண்டு இரண்டு விழாக்களும் 'ஜார்ஜ் வீனின் நாட்டார் இசைவிழா 50' என்றும் 'ஜார்ஜ் வீனின் ஜாஸ் விழா 55' என்றும்தான் நடந்தன. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடும் எவரும் இந்த ஒரு தகவலை மட்டுமாவது முன்னால் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குபவர் உலகப் பெரு நிறுவனமாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பைரன் பே பகுதியில் நடந்துவந்த ஸ்ப்ளெண்டர் இன் த கிராஸ் விழாவை நடத்தும் நிறுவனத்தில் 2016 முதல் லைவ் நேஷன் என்ற உலகக் கச்சேரி நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2022-இல் கனமழை முதல் நாளின் முக்கிய மேடைகளை அடைத்தது. 2024-இல் டிக்கெட் விற்பனை தொடங்கிச் சில நாட்களிலேயே விழா ரத்து. 2025-லும் நடக்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணம் தானாகத் திரும்பியது. பெரிய நிறுவனம் பின்னால் இருப்பதன் உண்மையான பலன் அதுதான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ரசிகரின் பணத்தைப் பெரு நிறுவனம் காப்பாற்றும். விழாவைக் காப்பாற்றுவது அதன் கடமை இல்லை. நஷ்டம் தரும் ஒரு விழாவை அது கணக்கிலிருந்து அடித்துவிடலாம், அவ்வளவே.

நடத்துவதில் மட்டும் கூட்டு

உரிமையை வைத்துக்கொண்டு வேலையையும் லாபத்தில் ஒரு பங்கையும் கொடுப்பது இரண்டாவது வழி. நாங்கள் மற்ற மூன்றைவிட இதற்கே அதிக மதிப்புக் கொடுக்கிறோம்.

நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ் விழா 1970-இல் காங்கோ சதுக்கத்தில் சில நூறு பேர் முன்னிலையில் தொடங்கியது. 1972-இல் ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரைப் பந்தய மைதானத்துக்கு மாறியது. உரிமையாளர் ஓர் இலாப நோக்கமற்ற அறக்கட்டளை. நடத்தித் தருவது க்விண்ட் டேவிஸ் தலைமையிலான தயாரிப்பு நிறுவனம். 2004-இல் மழை கெடுத்தது, வசூல் சரிந்தது, அறக்கட்டளையின் கையிருப்பு கரைந்தது. விழாவை விற்காமல், நடத்தும் ஒப்பந்தத்தில் ஏ.இ.ஜி. லைவ் என்ற பெரிய கச்சேரி நிறுவனத்தை டேவிஸின் நிறுவனத்தோடு சேர்த்து 2005 முதல் இறக்கினார்கள். உள்ளூர் உணவுக்கடைகளையும் உள்ளூர் இசைக்குழுக்களையும் அறிந்தவர் ஒருவர், உலகக் கலைஞர்களைப் பேசி அழைத்து முன்பணம் கட்டும் வலு உள்ளவர் இன்னொருவர்.

அதே 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நகரத்தை மூழ்கடித்தது. எட்டே மாதத்தில், 2006 வசந்தத்தில், விழா நடந்தது. ஷெல் நிறுவனம் முதன்மைப் புரவலராக வந்தது, ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடினார். கூட்டாளி ஓராண்டு முன்பே சேர்ந்திருக்காவிட்டால் அந்த அளவு வெளி முன்பணத்தை அந்த நகரத்தில் யார் திரட்டியிருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியிலும் இதே வழிதான். 2000-இல் வேலி தாண்டி வந்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்களின் எண்ணிக்கைக்குச் சமம், ஒருவேளை அதற்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அனுமதியே பறிபோகும் நிலை. 2001-இல் விழா இல்லை. 2002-இல் இசைவிழா நடத்தும் மீன் ஃபிட்லர் (Mean Fiddler) நிறுவனம் பாதுகாப்பையும் நிர்வாகத்தையும் ஏற்றது, 12 அடி உயர இரும்பு வேலி எழுந்தது. விழா நடக்கும் பண்ணையும் விழாவின் பெயரும் அதைத் தொடங்கிய ஈவிஸ் குடும்பத்திடமே இருந்தன. சுமார் பத்தாண்டில் அந்த ஒப்பந்தம் முடிய, நிர்வாகமும் குடும்பத்துக்கே திரும்பியது. திரும்பப் பெற முடிந்த உதவி என்பது சாதாரணமில்லை.

கூட்டில் கெடுவது எங்கே? பெரும்பாலும் கலைஞர் தேர்வில். கூட்டாளியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் பெரிய பெயர்கள் மேலே ஏறும், உள்ளூர் மேடைகள் மதிய வெயிலுக்குத் தள்ளப்படும். அடுத்தது செலவுக் கணக்கு. கூட்டாளி தன் சகோதர நிறுவனத்திலிருந்தே டிக்கெட் சேவையையும் மேடைச் சாமான்களையும் எடுத்தால், லாபம் பிரிக்கும் மேசைக்கு வருவதற்கு முன்பே வடிந்துவிடும். பங்கு எத்தனை விழுக்காடு என்று பேரம் பேசுவதைவிட, 'செலவு' என்று எதைக் கழிக்கலாம் என எழுதுவதில்தான் வழக்கறிஞரின் நேரம் போக வேண்டும்.

அறக்கட்டளையும் தன்னார்வலரும்

2009-இல் மீண்ட நியூபோர்ட், அடுத்த ஓரிரு ஆண்டில் இலாப நோக்கமற்ற அறக்கட்டளையாக மாறியது. இது அந்த ஊருக்குப் புதிதல்ல. 1963-இல் நாட்டார் விழாவை மீண்டும் தொடங்கியபோதே, பாடுபவர் எவராயினும் 50 டாலரும் பயணம், தங்கும் செலவும் மட்டும் என்று வைத்தார்கள். மிஞ்சியது நாட்டார் இசை சேகரிப்புக்குப் போனது. கலைஞர் சம்பளமே பெரும் பாரமாக இருக்கும் தொழிலில் இதைவிடப் பெரிய செலவுக் குறைப்பு கிடையாது. ஆனால் விழாவின் நோக்கத்தை நம்பும் கலைஞர்கள் இருந்தால்தான் இது நடக்கும்.

டென்மார்க்கின் ரோஸ்கில்டெ இதன் முழு வடிவம். 1971-இல் தொடங்கி, 1972 முதல் ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. லாபம் பண்பாட்டுப் பணிகளுக்கும் இளைஞர் பணிகளுக்கும் போகிறது. ஏறத்தாழ 30,000 தன்னார்வலர்கள். ஒருவர் வழக்கமாக 32 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர முறை நான்கு, வேலை செய்தால் விழாவுக்கு அனுமதி. உணவுக்கடைகள் பலவற்றை வட்டாரத்து விளையாட்டு மன்றங்களே நடத்தி, வருமானத்தைத் தங்கள் மன்றத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. விழா நொடித்தால் ஊர்ப் பையன்களின் கால்பந்துக் குழுவும் நொடிக்கும். அந்தப் பிணைப்புதான் காப்பு.

கடனில் இருப்பவர்கள் இங்கே அடிக்கடி ஏமாறுகிறார்கள். தன்னார்வலர் என்றால் இலவச உழைப்பு என்று கணக்கில் சுழியம் போட்டுவிடுவார்கள். பயிற்சி, சாப்பாடு, கூடாரம் போட இடம், காப்பீடு, வராமல் போகிறவர்களுக்கு மாற்று ஆள் எல்லாமே செலவு. பத்தில் ஒருவர் கடைசி முறைக்கு வரமாட்டார் என்று வைத்துத் திட்டமிட வேண்டும். மேடைக்கு முன்னுள்ள கூட்ட நெரிசலைக் கவனிப்பது, மின்சாரம், மருத்துவம் மூன்றிலும் கூலி வாங்கும் தொழில்முறை ஆட்களைத்தவிர வேறு யாரையும் நிறுத்தக் கூடாது. 2000-இல் ரோஸ்கில்டெயின் முக்கிய மேடைக்கு முன்னால் நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு மேடை முகப்பின் தடுப்பு அமைப்பையே அவர்கள் மாற்றினார்கள்.

இன்னொன்று: அறக்கட்டளை ஆக்குவது பழைய கடனை அடைக்காது. பதிவு, வரிவிலக்கு, அறங்காவலர் குழு என்று ஓராண்டு ஓடும். நன்கொடையாளர்கள் எதிர்காலத்துக்குக் கொடுப்பார்கள். போன ஆண்டின் ஜெனரேட்டர் பாக்கிக்குக் கொடுக்க மாட்டார்கள்.

ஓராண்டு நிறுத்துவது, அல்லது சுருக்குவது

கிளாஸ்டன்பரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வயலுக்கு ஓய்வு விடுகிறது. 2018 அப்படி, 2026-ம் அப்படி. அது நிலத்துக்காக, மாடுகளுக்காக. கடனுக்கு மருந்தாக அதை எடுத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. அங்கே நிலம் சொந்தம், பால்பண்ணை தனியாக ஓடுகிறது. வாடகை அலுவலகமும் ஆண்டு முழுதும் சம்பளம் வாங்கும் நாற்பது பேரும் உள்ள அமைப்புக்கு ஓய்வு ஆண்டு என்பது வருமானமில்லாத செலவு ஆண்டு.

பெருந்தொற்றில் 2020, 2021 இரண்டும் போனபோது கிளாஸ்டன்பரியைத் தாங்கியதில் ரசிகர்களின் 50 பவுண்ட் முன்பணத்துக்கும் பங்குண்டு. திருப்பி வாங்காமல் அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அரசின் பண்பாட்டு மீட்பு நிதியிலிருந்து 9 லட்சம் பவுண்டும் வந்தது. டிக்கெட்டை ஆரம்பத்திலேயே முழு விலைக்கு விற்காமல் சிறு முன்பணம், விழாவுக்குச் சில மாதம் முன் மீதி என்று பிரித்தது எவ்வளவு சரியான ஏற்பாடு என்பது அப்போது தெரிந்தது. முழுப்பணத்தையும் வாங்கிச் செலவழித்திருந்தால் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு முழுத்தொகையைத் திருப்ப வேண்டி வந்திருக்கும்.

சுருக்குவது என்றால் மேடையைக் குறையுங்கள். ஒரு மேடை போனால் அதன் ஒலி, ஒளி, ஜெனரேட்டர், மூன்று பணிமுறை வேலையாட்கள், அவர்கள் சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் ஒன்றாகப் போகும். தண்ணீர், கழிப்பறை, நிழல், வடிகால் நான்கிலும் கை வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1999-இல் நடந்த உட்ஸ்டாக் விழாவில் கொளுத்தும் தார்த் தரையில் ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலருக்கு விற்றது. விழா தீயிலும் கொள்ளையிலும் முடிந்தது. ஜெர்மனியின் வாக்கன் இசைவிழா 2023-இல் சேற்றின் காரணமாக 85,000 பேரில் சுமார் 50,000 பேரோடு வாயிலை அடைத்து, உள்ளே வர முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. வடிகாலில் மிச்சம் பிடித்த பணம் அப்படி ஒரே காலையில் போய்விடும்.

பெரிய நட்சத்திரத்தை இழுத்து மீளலாம் என்ற எண்ணத்தை ஐந்தாவது வழியாகச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 2019-இல் நியூ ஆர்லியன்ஸ் தன் ஐம்பதாம் ஆண்டுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவுக்காகவே தனி நாள் ஒதுக்கியது. குழுவின் பாடகர் மிக் ஜாகரின் உடல்நிலையால் அவர்கள் வரவில்லை. மாற்றாக வந்த ஃபிளீட்வுட் மேக் குழுவும் நோயால் விலகியது. வலுவான கூட்டமைப்பு இருந்ததால் தாங்கினார்கள். ஏற்கெனவே கடனில் இருக்கும் விழாவுக்கு அந்த ஒரு நாளே போதும்.

யாருக்கு எது?

கடன் ஓராண்டு வருமானத்தில் கால் பங்குக்குள் இருந்து, கூட்டம் இன்னும் வருகிறது என்றால் நடத்தும் கூட்டு. கூட்டம் குறைந்து, ஊரின் பாசம் மட்டும் மிச்சம் என்றால் சுருக்கி, அறக்கட்டளை. நிலம் சொந்தமாக இருந்தால் மட்டும் ஓய்வு ஆண்டு. கடன் வருமானத்தைத் தாண்டிவிட்டால், அல்லது சப்ளையர்கள் வழக்கு போட்டுவிட்டால் விற்பனையைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போதும் சாமானை விற்கலாம், டிக்கெட் தரவை விற்கலாம், நடத்தும் உரிமையை விற்கலாம். பெயரைப் பத்தாண்டு குத்தகைக்குக் கொடுங்கள், கிரயம் செய்யாதீர்கள். ஓராண்டு விழா நடக்காவிட்டாலோ மைதான வாடகை 60 நாள் பாக்கி நின்றாலோ பெயர் தானாகத் திரும்பும் என்று குத்தகையில் எழுதுங்கள். மைதான ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். டிக்கெட் பணம் விழா முடியும்வரை எவரும் தொட முடியாத தனிக் கணக்கில் இருக்கட்டும். கலைஞர் முன்பணத்துக்கு அதை உடைக்கக் கூட்டாளி கேட்பார். உடைக்கக்கூடிய அளவு இவ்வளவு விழுக்காடு, அதற்கு மேல் இரு தரப்பின் கையெழுத்து என்று முதல் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.