கன் ஷோவில் ‘எல்லாமே ஆட்டோமேட்டிக்’ இ-காலர் வாங்காதீர்கள்

டெக்சாஸில் கயோட்டி (நரி போன்ற, ஓநாய்க்குச் சொந்தக்கார விலங்கு) வேட்டைக்குப் புதிதாகப் போகும் நம் ஆட்கள் எந்த இ-காலர் (இரையின் அலறல் போன்ற ஒலிகளை எழுப்பி விலங்கை வரவழைக்கும் மின்னணுப் பெட்டி) வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எதை வாங்கக் கூடாது என்று சொல்கிறேன்.

கண்காட்சித் திடலில் நடந்த கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தை) 380 டாலருக்கு வாங்கியது. விற்றவர் வாய் ஓயாமல் பேசினார். முயல் அலறலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் போதுமாம், சத்தம் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுமாம். சுட்டதும் வெடிச்சத்தத்தை உணர்ந்து, கயோட்டிக் குட்டி கதறும் ஒலிக்குத் தானே மாறுமாம். இந்தக் கடைசி வசதி உண்மையிலேயே நல்ல யோசனை. ஒன்று விழுந்ததும் ஜோடி ஓட்டமெடுக்கும். குட்டியின் கதறலைக் கேட்டால் சில சமயம் நின்று திரும்பிப் பார்க்கும். ரிமோட்டைத் தேடாமல் அடுத்த குறி வைக்கலாம்.

மறுநாள் மாலையே தெரிந்தது லட்சணம். மெஸ்கீட் புதருக்குள்ளிருந்து (நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான்) ஒரு கயோட்டி தலையை நீட்டி, காற்றை மோந்துகொண்டு நின்றது. பின்னால் பண்ணையின் இரும்புக் கேட் காற்றில் ‘டங்’ என்று அடித்தது. அவ்வளவுதான், முயல் அலறல் பாதியில் அறுந்து, குட்டிக் கதறல் முழுச் சத்தத்தில் வெடித்தது. கயோட்டி போயே போய்விட்டது. அப்புறம் சைலன்சர் மாட்டிய துப்பாக்கியால் நண்பர் சுட்டுப் பார்த்தார். அதற்கு அந்தப் பெட்டி அசையவே இல்லை! ‘எந்தத் துப்பாக்கிக்கும் வேலை செய்யும்’ என்று விற்றவர் அடித்துச் சொல்லியிருந்தார். தானாக ஏற வேண்டிய சத்தமும் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில்தான் தொடங்கியது.

இன்னொன்று. ‘நூற்றுக்கணக்கான ஒலிகள்’ என்றாரே, அதில் பாதி வாத்தும் புறாவும். வலசைப் பறவைகளைப் பதிவு ஒலியால் அழைத்துச் சுடுவது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். பனி வாத்து போன்ற சிலவற்றுக்குத்தான், அதுவும் குறிப்பிட்ட காலத்தில், விலக்கு உண்டு. இதைப் பற்றி மூச்சே விடவில்லை மனிதர்.

திங்கள் காலை போன் செய்தேன். ‘யூஸ் பண்ணிட்டீங்க, ஆல் சேல்ஸ் ஃபைனல்’ என்று வைத்துவிட்டார். அப்படியெல்லாம் சொல்ல முடியாது. இப்படித் தற்காலிக இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் விற்றால், மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யும் உரிமையை எஃப்டிசி (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) விதி தருகிறது. சனிக்கிழமை வாங்கினால், இடையில் மத்திய விடுமுறை இல்லாத பட்சத்தில், புதன் நள்ளிரவு வரை. அதற்கான படிவத்தை விற்பவரே கையில் தர வேண்டும். இவர் கையால் எழுதிய ரசீதோடு சரி. செவ்வாயன்று தபாலாபீஸில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன், பதில் இல்லை. இப்போது கிரெடிட் கார்டு வங்கிக்கும் எழுதியிருக்கிறேன். முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்துமூலப் புகார் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும், மறக்காதீர்கள். ரொக்கம் கொடுத்திருந்தால் அந்த வழியும் கிடையாது.

கடையிலேயே ஆட்டோ வசதியைப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பலமாகக் கை தட்டுங்கள். அதற்கே ஒலி மாறினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ‘பேட்டரி இல்லை, வீட்டில் போய்ப் பாருங்கள்’ என்றாலும் அதேதான்.