தூரத்தை அளக்க இருப்பிடம் எதற்கு? கிலோமீட்டர் கணக்கிலான கார் காப்பீட்டில் ஓராண்டு

கோவையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1,197 சிசி கார் ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு நிகராக இதற்கும் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும் என்ற நெடுநாள் மனக்குறையில், ஒரு தனியார் நிறுவனத்தின் ‘பே ஆஸ் யூ டிரைவ்’ காப்பீட்டைச் சென்ற ஆண்டு எடுத்தேன். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்த வகை இது. ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று முன்கூட்டியே ஓர் அளவைத் தேர்ந்தெடுத்தால், நம் வண்டிக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் குறையும். நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுகட்டும் மூன்றாம் தரப்புப் பகுதியின் கட்டணமோ அரசு நிர்ணயிப்பது. என் வண்டியின் வகைக்கு 2022 முதல் அது 3,416 ரூபாய். காரை ஷெட்டிலேயே பூட்டி வைத்தாலும் அதில் ஒரு காசு குறையாது. நான் 5,000 கிலோமீட்டர் திட்டத்தை எடுத்ததில் மிச்சமானது ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சொச்சம். விளம்பரத்தைப் பார்த்து மொத்தத் தொகையில் பாதி குறையும் என்று எண்ணுகிறவர்கள் இதை முதலில் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

பாலிசி வந்த மறுவாரம் ஒரு பையன் வந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க இருக்கும் ஓபிடி போர்ட்டில் தீப்பெட்டி அளவிலான ஒரு சாதனத்தைச் செருகிவிட்டுப் போனான். ஐந்து நிமிட வேலைதான். பேட்டரி இறங்கினால் நிறுவனத்தின் கைபேசிச் செயலி எச்சரிக்கிறது. வண்டி திருடு போனால் தேடவும் உதவும் என்றார்கள். இவற்றில் எனக்குக் குறையில்லை.

குறை, செயலியில் ‘பயணங்கள்’ என்ற பக்கத்தைத் திறந்த அன்று தெரிந்தது. செவ்வாய், வியாழன், சனி, காலை 6.10-க்குப் புறப்பாடு, அவிநாசி சாலையில் ஒரு மருத்துவமனை, நான்கு மணி நேர நிறுத்தம், வீடு. வாரந்தவறாமல் அதே மூன்று வரிகள், வரைபடத்தில் நீலக்கோட்டுடன். என் தந்தைக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்பதை நான் அந்த நிறுவனத்துக்கு ஒருபோதும் சொன்னதில்லை, ஆனால் மருத்துவக் காப்பீட்டையும் விற்கிற ஒரு நிறுவனம் இந்த மூன்று வரிகளைப் படித்து அதை ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? இன்னொரு சங்கடமும் உண்டு. காரை எடுத்துச் செல்லும் என் மகன் எங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்பதும் என் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. இருபத்தாறு வயதுப் பிள்ளையை வேவு பார்க்க நான் பணம் கட்டவில்லை. அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்து, கிலோமீட்டரைக் காட்டத்தான் ஓடோமீட்டர் இருக்கிறதே, இருப்பிடம் எதற்கு என்று கேட்டேன். “சார், டிவைஸ் டிஃபால்டாவே லொகேஷன் எடுக்கும். ஆஃப் பண்ண ஆப்ஷன் இல்லைங்க சார்” என்றது மறுமுனைக் குரல். தனியுரிமைக் கொள்கையைத் தேடிப் படித்தால், தரவு ‘குழும நிறுவனங்களுக்கும் சேவை வழங்குநர்களுக்கும்’ பகிரப்படலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அவர்கள் யார் யார் என்ற பட்டியல் இல்லை.

மீட்டரைத் திருப்பி வைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு என்பதால் நிறுவனத்துக்கு ஏதோ ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரத்தைச் சரிபார்ப்பது வேறு, போன இடத்தைக் குறித்துவைப்பது வேறு. கலிஃபோர்னியா 2009-இலேயே இவ்விரண்டையும் பிரித்துவிட்டது: அங்கே பிரீமியக் கணக்குக்காகப் பொருத்தும் சாதனம் ஓடிய மைல்களை எடுக்கலாம், வண்டியின் இருப்பிடத்தை எடுக்கக் கூடாது. பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் இருப்பிடத்தைச் சில சமயம் மூன்று விநாடிக்கு ஒருமுறை வீதம் சேகரித்ததாகவும், ஓட்டுநர்களின் தெளிவான ஒப்புதலின்றி அந்தத் தரவை விற்றதாகவும், 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. கார்களிலிருந்து எடுத்த தரவு காப்பீட்டு நிறுவனங்கள் வரை சென்று தங்கள் பிரீமியம் ஏறிவிட்டதாகச் சிலர் புகார் சொன்னதும் உண்டு. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது, ஓடோமீட்டரைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்கிற வேறொரு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். அங்கே தள்ளுபடி முன்னூறு ரூபாய் குறைவு. க்ளெய்ம் வரும்போது இன்னொரு படம் கேட்பார்களாம், கொடுத்துவிடலாம். பழைய சாதனத்தைக் கழற்றிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. செயலியைத் திறந்தால் அந்த நீலக்கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அழிக்கச் சொல்லி எழுதிய மின்னஞ்சலுக்கு இதுவரை வந்திருப்பது ஒரு புகார் எண் மட்டுமே.